ஜுமாவும் எங்கள் வாசல் கதவும்

ஜுமா எங்கள் வீட்டுக் கதவைத் தானாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி, மூடிய கதவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். எங்களில் யாராவது போய்த் திறப்போம். தலையைச் சிறிதாகக் குனிந்துவிட்டுத் தாண்டிப் போவான்.

அம்மிக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, இது மிகவும் பிடித்துவிட்டது.

"இதுக்குப் பேருதான் தஹ்ஸீப். அடுத்தவங்க வீட்டுக் கதவுல கை வைக்க மாட்டேங்கறான் பாரு. சான்சிபார்ல சுல்தான் காலத்துக் குடும்பமா இருக்கணும். நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, கதவை உதைச்சிட்டு ஓடுது."

கடைசி வரி என் தம்பி ஜைதுக்கு. அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "அது ஒட்டிக்குது அம்மி. உதைச்சாத்தான் தொறக்குது. கார்ப்பெண்டரைக் கூப்பிடுங்கன்னா என்னைத் திட்றீங்க."

அவன் சொன்னதும் உண்மைதான். மழைக்காலத்தில் எங்கள் வாசல் கதவு ஊறிப்போய் நிலையில் இறுகிக்கொள்ளும். தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கீழ்மூலையில் காலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். ராயப்பேட்டையின் பழைய வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டுக்காரர்கள் பழகிக்கொள்வோம்.

என் பெயர் உம்மே ஹானி. பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மாடி அறைதான் அலுவலகம். பேச்சு குறைவு. "அவளுக்குத் தொண்டை வலி" என்று அம்மி வருகிறவர்களிடம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறாள். எங்கள் வீட்டில் பேசுவதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள். அம்மி உருது வீட்டுப் பெண், அத்தா தமிழ் வீட்டுப் பிள்ளை. கோபம் உருதுவில் வரும், சமாதானம் தமிழில் வரும்.

ஜுமா வந்தது அத்தாவின் கடையில் வேலை செய்யும் கதிரேசனால். அத்தா கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கதிரேசன் ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அதை இடிக்க வந்த இயந்திரத்தின் முன்னால் போய்ப் படுத்ததற்காகச் சில மாதங்கள் புழல் சிறையில் இருந்துவிட்டு வந்தான். வந்தபோது வீடு இல்லை. குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் ஒரு மாடியில் ஏற்றியிருந்தார்கள். தினமும் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறான். ஒரு நாள் கடையில் அத்தாவின் முன்னால் வந்து நின்று தலையைச் சொறிந்திருக்கிறான்.

"பாய், ஒரு சின்ன உதவி."

"லீவா?"

"இல்ல பாய். ஃப்ரெண்டு ஒர்த்தன் உள்ள கீறான். பெயிலு கெட்ச்சிட்ச்சி. ஜாமீன் போட ஆள் இல்ல."

"நீயே போடேன்."

"எனக்கு ஏது பாய் வூடு? கார்டுல இன்னும் இடிச்ச வூட்டு நம்பர்தான் கீது. அந்த வூட்டக் காட்டுன்றாங்க கோர்ட்ல. இன்னாத்தக் காட்றது, ஆத்தயா?"

"எந்த ஊரு உன் ஃப்ரெண்டு?"

"சான்சிபார்."

"செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கமா?"

"கடலுக்கு அந்தாண்ட பாய். ஆப்பிரிக்கா. நம்மாளுதான், பேரு ஜுமா. வெள்ளிக்கெழம பொறந்தானாம், அதான் அந்தப் பேரு."

அத்தா தையல் இயந்திரத்தை நிறுத்தினார். அவரும் வெள்ளிக்கிழமை பிறந்தவர். பெரிய முடிவுகளை அவர் இம்மாதிரிக் காரணங்களால்தான் எடுப்பார். அம்மியைக் கல்யாணம் செய்ததும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

அன்று இரவு சாப்பாட்டில் அம்மி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வயசுப் பொண்ணு இருக்கற வீடு. ஜெயில்லேருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வருவாராம்."

எனக்கு முப்பத்தாறு வயது. அம்மி அந்த வாதத்தை இன்னும் விடவில்லை.

"அவன் என்ன செஞ்சான்னு கேளு முதல்ல" என்றார் அத்தா.

அவன் செய்தது கால்பந்து ஆடியது. ஊரில் ஒரு ஏஜென்ட் வந்து, இந்தியாவில் கிளப் இருக்கிறது, ஆடலாம் என்று அழைத்து வந்திருக்கிறான். கேரளத்தில் ஒரு பருவம் ஆடினான். பிறகு சென்னை. ஏஜென்ட் விசாவை நீட்டிக்கிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனான், போனவன் வரவில்லை. விசா தீர்ந்து தங்கியதற்காக ஜுமாவைப் பிடித்தார்கள். ஒன்றரை வருடமாக உள்ளே இருக்கிறான். பாஸ்போர்ட் பிறகு எங்கேயோ கிடைத்து, இப்போது கோர்ட்டில் இருக்கிறது.

இலவச சட்ட உதவி வக்கீல் வஜீஹா வீட்டுக்கே வந்து விளக்கினாள். இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். அவர்களில் ஒருவர் வீட்டில் ஜுமா தங்க வேண்டும். தினமும் காலை பத்தரைக்குள் எங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்தா நாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாக எடுத்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

"ஒரே ஒரு நாள் கையெழுத்து தவறினாலும் பெயில் கேன்சல்" என்றாள் வஜீஹா. "திரும்ப உள்ள போயிடுவார். அப்புறம் எப்போ ஊருக்குப் போவார்னு என்னால சொல்ல முடியாது."

"அவன் அம்மா இருக்காங்களா?" அம்மி கேட்டாள்.

"இருக்காங்க. பையன் இங்க பெரிய கிளப்ல ஆடறான்னு நினைச்சிட்டிருக்காங்களாம்."

அம்மி எழுந்து போய் விருந்தாளி அறையின் ஜமுக்காளத்தை உதறினாள். இரண்டாவது ஜாமீனுக்குத் தன் தம்பி உமர் ஃபாரூக் மாமாவை அவளே போனில் பிடித்தாள். மாமா ஏதோ தயங்கினார் போலிருக்கிறது. அதற்கு உருதுவில் பதில் போனது.

ஜுமா வந்த அன்று அம்மி ஆங்கிலத்தில் தயாராக நின்றாள். "வெல்கம். கம், கம். சிட்."

நிலைப்படி உயரத்துக்கு நின்ற அந்தப் பையன் குனிந்து உள்ளே வந்து, "இன்னாம்மா, நல்லாக்கீறியா? சோறு துன்ட்டியா?" என்றான்.

அம்மி கதிரேசனைப் பார்த்தாள்.

"நா கத்துக் குடுக்கலம்மா" என்றான் அவன். "ஜெயிலு கத்துக் குட்த்துச்சி."

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாசி அண்ணன் முதல் நாளே அவனிடம் கரி அள்ளிப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டார். காலையில் அத்தா கடைக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் விட்டுவிடுவார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பான். அம்மாசி அண்ணன் "வெள்ளிக்கெழம வந்துட்டாம்மா!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் போய்க் கதவைத் திறப்போம்.

அவனுடைய தஹ்ஸீப் கதவோடு நிற்கவில்லை. இரவில் அத்தா கூடத்தில் நின்று "எல்லாரும் வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்பது வழக்கம். அந்தக் குரல் கேட்டதும் ஜுமா போய்ச் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிடுவான். "பெரியவர் பேசினா உட்கார்ந்துடறான்" என்றாள் அம்மி. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவித் துடைத்துத் தன் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொள்வான். "நமக்குக் கழுவற வேலைகூட வைக்க மாட்டேங்கறான்" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சான்சிபாரைப் பற்றி அவள் சொல்லும் தகவல்கள் நாளுக்கு நாள் பெருகின. அங்கே பிள்ளைகளை அப்படி வளர்க்கிறார்களாம். கடல் காற்றும் காரணமாம்.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. அமைதியாக இருப்பவர்களை நல்ல வளர்ப்பு என்று நினைத்துவிடுவது என் சுபாவம்.

மாலைகளில் நான் மெய்ப்புத் தாள்களோடு மொட்டை மாடியில் உட்காருவேன். அவனும் வந்து தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொள்வான். பழைய சீட் கவர் துணியைச் சுருட்டிக் கட்டி ஒரு பந்து செய்திருந்தான். அதைக் காலில் ஏந்தி ஏந்திப் போடுவான். பேச மாட்டோம். வி.எம். தெருப் பக்கமிருந்து கேட்கும் ஹாரன்களுக்கு இடையில் பந்து அவன் பாதத்தில் விழும் மெத்தென்ற ஓசை மட்டும் வரும். அந்த ஓசைக்கு நான் பழகிவிட்டிருந்தேன். ஒரு நாள் நானாகவே கேட்டேன். எனக்கே ஆச்சரியம்.

"உள்ளே எப்படி இருந்தது?"

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஃபாரினர்லாம் ஒண்ணா இருந்தோம் அக்கா. பர்மாக்காரர் ஒர்த்தரு முடி வெட்டுவாரு. எல்லாருக்கும் ஒரே கட்டிங்தான். சிலோன் அண்ணே ஒர்த்தரு, தெனம் பேப்பர் படிச்சி எங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லுவாரு. ஃபுட்பால் நியூஸ்னா மட்டும் ஸ்கோரு சொல்ல மாட்டாரு. கெஸ் பண்ணுன்னுவாரு. சண்டே சிக்கன். மத்த நாளு சாம்பாரு. ஊருக்குப் போயி எங்கம்மாக்கு சாம்பார் வெச்சிக் குடுக்கப் போறேன்."

"கஷ்டமா ஒண்ணும் இல்லையா?"

பந்தின் முடிச்சை நிமிண்டினான். நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வரும்.

"மனு" என்றான்.

சிறையில் இருப்பவர்களைப் பார்க்க வெளியிலிருந்து வருகிறவர்கள் மனு கொடுக்க வேண்டும். அதனால் பார்க்க வருவதற்கே உள்ளே மனு என்றுதான் பெயர்.

"மைக்ல பேர் கூப்டுவாங்கோ. எல்லாரும் ஓடுவானுங்கோ. எனக்கு யாரு வருவா? ஆனா நானும் மனு நாள்ல காலீலயே குளிச்சி, தல வாரிகினு, ரெடியா ஒக்காந்துகினு இருப்பேன்."

"வர மாட்டாங்கன்னு தெரியும்தானே?"

"தெரியும் அக்கா. ஆனா திடீர்னு வந்துட்டா? பல்லுகூட தேய்க்காம போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

ஒரு நாள் அவன் பெயரைக் கூப்பிட்டார்களாம். பிளாக் முழுவதும் கைதட்டியதாம். யாரென்று தெரியாமல் ஓடினால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். அன்புக்கரசி, கதிரேசனின் மனைவி. அப்போது கதிரேசனும் உள்ளே இருந்த நேரம். புருஷனைப் பார்க்க வந்தவள், அவன் சொன்னதைக் கேட்டு இன்னொரு மனுவும் போட்டிருக்கிறாள். சுற்றிலும் நூறு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. "சாப்ட்டியா?" என்று கத்தினாள். "சாப்ட்டேன்!" என்று இவன் கத்தினான். "நீ சாப்ட்டியா?" "சாப்ட்டேன்!" நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை இதையேதான் மாற்றி மாற்றிக் கத்தினார்களாம்.

"சூப்பர் மனு அக்கா அது" என்றான் ஜுமா. பந்து மறுபடி காலுக்குப் போனது.

விடுதலையான பிறகு கதிரேசன் தானே மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போயிருக்கிறான், பிஸ்கட்டும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு. ஒருமுறை உள்ளே இருந்தவர்கள் அந்த வாசல் பக்கமே போக மாட்டார்கள். போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதிரேசன் போனான்.

வாய்தா ஒரு திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் ஞாயிறு, உமர் ஃபாரூக் மாமாவின் மகள் சிம்ராவுக்குக் கொட்டிவாக்கத்தில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். காலையிலேயே வேன் வந்துவிட்டது. ஜுமா கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வர முடியும். எனக்குக் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மீதி இருந்தது. கல்யாண வீட்டுச் சத்தத்தைத் தள்ளிப்போட அது நல்ல காரணமாகவும் இருந்தது. பத்தரை வாக்கில் கதிரேசன் ஒரு ஆட்டோவை இரவல் வாங்கிக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்வான் என்று ஏற்பாடு.

"இன்னைக்கு ஒரு நாள் தனியாப் போயிட்டு வந்துடுவேல்ல?" அத்தா வேனுக்குள்ளிருந்து கேட்டார்.

"அதெல்லாம் பூடுவேன் பாய்."

"ஜாமீன் போட்ட ரெண்டு பேரும் ஒரே மண்டபத்துல இருக்கோம்பா. நீ போகலைன்னா போலீஸ் அங்கதான் வரும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற ஒரு மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். அம்மி வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.

அப்படி ஒரு மௌனம் எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தால் அதிகம். வட்டங்களும் நாண்களும் என் முன்னால் தெளிவாகக் கிடந்தன. கீழே குழாய் ஓடியது, நின்றது. அவன் கிளம்புகிறான் என்று நினைத்தேன். பிறகு ஓசையே இல்லை. போய்விட்டான் என்று நினைத்தேன்.

தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது, அத்தாவின் வெள்ளை ஜுப்பா கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. அது அவனுக்குக் கணுக்காலுக்கு வெகு மேலேயே முடிந்துவிட்டது. தலை வாரி, அத்தர் பூசி, ஷூ போட்டு, கதவுக்குச் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜுமா நின்றான். ஜுப்பாவின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நீ இன்னும் போகலையா? மணி பத்தே கால்!"

"போணும் அக்கா."

"அப்புறம் ஏன் நிக்கறே?"

"கதவு மூடிகீது."

"தொறக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நானா?"

என் கை வழக்கம்போலத் தாழ்ப்பாள்வரை போய்விட்டது. அங்கேயே நின்றது. இத்தனை நாட்களாக அவன் நின்றது, உட்கார்ந்தது, தட்டைக் கழுவி வைத்துக்கொண்டது எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்று வேறு அர்த்தம் சொன்னது. அதில் சுல்தான்கள் யாரும் இல்லை. ஒன்றரை வருடம் எந்தக் கதவையும் இவன் திறக்கவில்லை. யாரோ திறந்தார்கள், யாரோ மூடினார்கள். இங்கேயும் நாங்கள் அதையே செய்துகொண்டிருந்தோம். பாராட்டுவதை மட்டும் கூடுதலாகச் செய்தோம்.

நான் திறந்துவிட்டால் அவன் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவான். நாளை கோர்ட். பிறகு அவன் அம்மாவின் வீடு. அங்கேயும் ஒரு கதவு இருக்கும், அதன் முன்னாலும் இப்படித்தான் நிற்பான்.

கையை எடுத்தேன்.

"நீயே தொற ஜுமா."

அவன் நகரவில்லை. நானும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. எத்தனையோ மௌனங்களில் நான் சுகமாக இருந்திருக்கிறேன். அந்த ஒன்றில் மட்டும் இருக்க முடியவில்லை. இருந்தாலும் இருந்தேன்.

அவன் கை மெதுவாக முன்னால் வந்தது. தாழ்ப்பாளை ஒரு விரலால் தொட்டான், சுடுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு நீக்கினான். கதவைத் தள்ளிப் பார்த்தான். வரவில்லை. மறுபடி தள்ளினான். மூன்று நாள் மழையில் அது நன்றாக ஊறியிருந்தது.

"வரல அக்கா." கைகள் மறுபடி பின்னால் போயின. "பூட்டிகீதா?"

"பூட்டலை, பூட்டலை! அது ஒட்டிக்கும். கீழ்மூலையில உதைக்கணும்."

"உதைக்கவா? அம்மி?"

"அம்மி கொட்டிவாக்கத்துல இருக்காங்க."

நான் சொல்ல நினைத்தது ஜைது தட்டுவானே, அதுபோல ஒரு தட்டு. எதிரில் இருப்பவன் தொழில்முறைக் கால்பந்துக்காரன் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. அவன் இரண்டடி பின்வாங்கினான். மூச்சை இழுத்தான். அந்த உதையில் ஒன்றரை வருடம் இருந்தது.

கதவு திறந்தது என்று சொல்வது போதாது. பிடித்துக்கொண்டிருந்த நிலையைவிட்டு உதறி எகிறி வெளிச்சுவரில் மோதித் திரும்பியது. கீழ்க் கீல் பிய்ந்து தொங்கியது. வெளியே மணியடிக்கக் கையைத் தூக்கியபடி நின்றிருந்த கதிரேசன் இரண்டே எட்டில் அம்மாசி அண்ணனின் வண்டிக்குப் பின்னால் இருந்தான்.

"டேய் வெள்ளிக்கெழம! கோலு போட்ற எடமாடா இது?"

"கதிரு, கையெழுத்து!"

"இன்னும் போடலியா? அடப்பாவி! ஏறு, ஏறு! அக்கா, நீயும் ஏறு!"

"கதவு?" என்றேன்.

"கதவு எங்கயும் போவாதும்மா" என்றார் அம்மாசி அண்ணன், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே. "நா பாத்துக்கறேன். தொறந்த வூட்டாண்ட நெருப்புப் பொட்டியோட நிக்கறேன், எவன் வர்றான் பாக்கலாம்."

நடந்ததை ஆட்டோவில் சொன்னேன். கதிரேசன் ஹாரனை அழுத்திக்கொண்டே சொன்னான்:

"உள்ள கதவு நம்மள்து இல்லக்கா. தொட்டா தப்பு. வெளிய வந்த புதுசுல நானும் வூட்ல பாத்ரூம் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். அன்பு வந்து முதுவுல ஒண்ணு வச்சா பாரு. அன்னியோட பூட்ச்சி. உங்க வூட்ல யாரும் வைக்கலியா?"

"நாங்க தஹ்ஸீப்னு நினைச்சிட்டோம்."

"இன்னாது?"

"மரியாதைன்னு."

கதிரேசன் சிரித்த சிரிப்பில் ஆட்டோ சாலையின் மறுபக்கம் போய்த் திரும்பியது. "மரியாதயா! இவனா! கேரம் போர்டுல தோத்தா காய எடுத்து ஒளிச்சி வைப்பாங்க்கா!"

"அது ஒரு வாட்டிதான்" என்றான் ஜுமா பின்னாலிருந்து.

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட் அருகே ஆட்டோ நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. கறிக்கும் மீனுக்கும் வந்த கூட்டம், குறுக்கே நின்ற ஒரு லாரி, அதன் பின்னால் எல்லோருடைய ஹாரனும். கதிரேசன் எழுந்து நின்று திட்டினான். யாரும் அசையவில்லை. பத்தரைக்கு அதிகம் இல்லை.

ஜுமா இறங்கினான். ஷூக்களைக் கழற்றி என் மடியில் வைத்தான். ஜுப்பாவை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

அவன் ஓடி நான் பார்த்தது அப்போதுதான். மீன் கூடைக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி, யாரையும் தொடாமல் போனான். எந்தப் பாதையில் போகப்போகிறான் என்று அவன் கால்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ கத்திவிட்டார்கள்.

"திருடன்! புடி! புடி!"

ஒருவர் ஓட, பத்துப் பேர் ஓடினார்கள். நிறமும் உயரமும் ஓட்டமும் சேர்ந்தால் நம் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை. ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் இறங்கி ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதில்லை.

கதிரேசன் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே கத்தினான்: "திருடன் இல்லய்யா! கையெழுத்து போடப் போறான்! யோவ், போலீஸ் ஸ்டேஷனுக்கே ஓட்ற திருடன எங்கயாச்சும் பாத்துகீறியா நீ?"

அந்தக் கேள்வி கூட்டத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. முன்னால் ஓடியவர்கள் நிற்பதற்குள் ஸ்டேஷன் வாசலே வந்துவிட்டது. நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, ஸ்டேஷன் ரைட்டர் தனபாலன் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தார். எதிரே வெறுங்காலோடு ஜுமா. அவனுக்குப் பின்னால், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பத்துப் பேர். ஒருவர் கையில் பையிலிருந்து வால் நீட்டிய வஞ்சிரம்.

"இன்னாய்யா இது ஊர்வலம்?"

"சார், இந்த ஆளு..." என்று தொடங்கினார் வஞ்சிரக்காரர்.

"சார், கையெழுத்து" என்றான் ஜுமா.

தனபாலன் கடிகாரத்தைப் பார்த்தார். ஜுமாவின் ஜுப்பாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"தினம் பாயோட வருவே. இன்னிக்கு ஊரையே கூட்டிட்டு வந்துட்டே. இந்தா, போடு. இன்னும் ரெண்டு நிமிஷம் கீது, பொறுமையா போடு, நாளைக்குக் கோர்ட்டுல காட்டணும்."

ஜுமா நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு போட்டான். வஞ்சிரக்காரர் என் காதருகில் மெதுவாகக் கேட்டார்: "நம்ம ஏரியாவா?"

"ஆமா" என்றேன்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? வழி வுட்ருப்பமே." பிறகு வெளியே போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து ஜுமாவிடம் நீட்டினார். ஜுமா அதை முழுவதும் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் நைனா. நல்லா ஓட்ற நீ" என்றான். அவர் முகம் சிவந்துவிட்டது.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கதிரேசனால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. கதவு, உதை, ஓட்டம், உள்ளே எப்படிக் குந்தவைத்து எண்ணுவார்கள், தட்டை ஏன் பக்கத்திலேயே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் அம்மியின் முன்னால் கொட்டிவிட்டான்.

அம்மி சாப்பிடுவதை நிறுத்தினாள். நெடுநேரம் ஜுமாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நான்தான் மௌனக்காரி என்று நினைத்திருந்தேன். அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது. அத்தா பயந்துபோய் அவளுக்குத் தண்ணீர் நீட்டினார்.

பிறகு உருது ஆரம்பமானது.

தன் மாமியார் காலத்துக் கதவு என்றாள். பர்மா தேக்கு என்றாள். உனக்குக் கண் இல்லையா, கீல் இருப்பது தெரியாதா, உதைக்கச் சொன்னால் இடித்துவிடுவதா, கல்யாணத்துக்கு வருகிறவன் நடுத்தெருவில் வெறுங்காலோடு ஓடுவானா என்றாள். ஜைது பக்கத்து நாற்காலியில் பேரானந்தத்தில் இருந்தான். "இத்தனை வருஷமா நான் ஒருத்தனே வாங்கினேன்" என்றான். அவனுக்கும் விழுந்தது.

ஜுமாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. தட்டைப் பிடித்துக்கொண்டு முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்கறான் பாரு!" அம்மி தமிழுக்கு இறங்கினாள். "என்னடா சிரிப்பு?"

"எங்கம்மா இப்டித்தான் திட்டும் அம்மி. அதே சவுண்டு."

அம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது கையில் கறித் துண்டுகள் நிறைந்த கரண்டி இருந்தது.

அன்று மாலையிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. அவனுக்காக யாரும் எதையும் திறக்கக் கூடாது. "தட்டைப் போட்டுட்டு எழுந்திரு, ஜைது கழுவுவான்." "போய்ப் பால் வாங்கிட்டு வா, கதவைச் சாத்திட்டுப் போ." கதவில் சாத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அத்தா சீட் பெல்ட் நாடாவால் அதை நிலையோடு கட்டிவைத்திருந்தார். ஜுமா ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சை அவிழ்த்துப் போய், வந்து, திரும்பக் கட்டினான். பாலுக்கு ஒரு முறை, கொத்தமல்லிக்கு ஒரு முறை, ஒன்றுமே இல்லாமல் இரண்டு முறை.

திங்கட்கிழமை கோர்ட்டில் வஜீஹா சொன்னபடியே நடந்தது. ஒரு நாளும் கையெழுத்து தவறவில்லை என்பதை நீதிபதி படித்துப் பார்த்தாராம். ஊருக்குப் போகும் அனுமதி வர இன்னும் சில வாரங்கள் பிடித்தன. அதற்குள் கதவுக்குப் புதுக் கீல் வந்தது. தச்சர் இழைத்துவிட்டுப் போனார். இப்போது விரலால் தள்ளினாலே திறக்கிறது. ஜைதுக்குத்தான் வருத்தம்.

கிளம்பிய அன்று ஜுமாவே கதவைத் திறந்து பெட்டியை வெளியே வைத்தான். தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"ஜெயில் வாசல்ல திரும்பிப் பாக்காதன்னு நான்தான் சொன்னேன்" என்றான் கதிரேசன். "இங்க எவ்ளோ வேணா பாத்துக்கோ."

"முன்னாடி பார்த்து நட!" அம்மி வாசலிலிருந்து கத்தினாள். "கம்பத்துல முட்டிக்கப் போறே!"

சென்ற வாரம் அவனிடமிருந்து என் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் கடலும், ஒரு பெண் ஓயாமல் யாரையோ திட்டுவதும் கேட்டன. அவன் சொன்ன அதே சவுண்டுதான்.

"அக்கா, கேக்குதா? அது எங்கம்மா. நா எல்லாக் கதவையும் தொறந்து போட்டுட்டுப் போயிட்றேனாம். ஆடு உள்ள வந்து நா வச்ச சாம்பார நக்கிட்ச்சி. அம்மி கிட்ட சொல்லு."

கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். அம்மி இரண்டாவது முறையும் வைக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, போனின் பக்கமாகக் குனிந்து, அவன் எதிரிலேயே நிற்பதுபோலச் சொன்னாள்:

"கதவைச் சாத்துடா."